வளர்ப்பு நாயும் வனவுயிரும்

தமிழகத்திலும் ஆந்திரத்திலும் பரந்து விரிந்துள்ள பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவை அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். அதனைச் சூழ்ந்த மீனவக் குப்பங்களில் நாய், வீட்டுக் காவலனாகவும் வழித்துணையாகவும் வாழ்கிறது. வளர்ப்பவருடன் அது கரையோரம் நடப்பது இயல்பான காட்சியே. ஆயினும், அந்நடையின்போது அவிழ்த்துவிடப்படும் நாய் பிற உயிர்களின் வாழ்வைக் குலைக்கக்கூடும் என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

குளிர்காலத்தில் பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் ஏரியின் ஆழமற்ற நீரில் இரை தேடுகின்றன. வடக்கு நோக்கிய நெடும்பயணத்திற்குத் தேவையான கொழுப்பைப் பல கரைப்பறவைகள் இத்தகைய நீர்நிலைகளில்தான் உடலில் சேர்த்துக்கொள்கின்றன. நாய் பாய்ந்தோடும் ஒவ்வொரு முறையும் பறவைக்கூட்டம் அஞ்சி எழுந்து பறக்கிறது. சேர்த்த ஆற்றல் செலவாகிறது. இரை தேடும் நேரமும் குறைகிறது. நாய் எப்பறவையையும் கடிக்காவிடினும் இவ்விழப்பு நேர்கிறது. ஆள்காட்டி, ஆலா போன்றவை தரையிலேயே முட்டையிடுவன. தாய்ப்பறவை எழுந்து நெடுநேரம் விலகியிருந்தால், கடும் வெயிலில் முட்டைகள் கெட்டுவிடும்.

ஏரிக்கு அப்பால் உள்ள கடற்கரையில், ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறுகின்றன. மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. முட்டைகள் பொரிய 45 முதல் 60 நாள்கள் ஆகும். காவலற்ற அம்முட்டைகளை நாய்கள் மோப்பத்தால் கண்டறிந்து தோண்டி உண்கின்றன. சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவில் நடந்து முட்டைகளைத் திரட்டிப் பொரிப்பகத்தில் காப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பறவைகள், ஊர்வன ஆகியவற்றின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும் கூடுகளைக் குலைப்பதையும் 'வேட்டை' என்னும் சொல்லுக்குள் அடக்குகிறது. நாய் சட்டம் அறியாது; மோப்பம் பிடிப்பதும் துரத்துவதும் அதன் இயல்பு. எனவே, பொறுப்பு வளர்ப்பவரையே சாரும்.

நாயைக் கயிற்றில் பிடித்து அழைத்துச் செல்லுதல், பறவைக் கூட்டத்தைக் கண்டால் தொலைவிலேயே திரும்புதல், ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் இரவில் கட்டிவைத்தல், வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி இடுதல், கருத்தடை செய்வித்தல், வேண்டாத குட்டிகளைக் கரையில் கைவிடாதிருத்தல் ஆகியன அப்பொறுப்பின் கூறுகள். மீன்கழிவுகளைக் கரையில் கொட்டாதிருத்தலும் இன்றியமையாதது. அக்கழிவை உண்டே உரியவரற்ற நாய்கள் பெருகுகின்றன.

நாயின்மீது கொண்ட அன்பு வீட்டு வாயிலோடு முடிவதில்லை. அது நடந்து செல்லும் கரையில் முட்டையிட வரும் உயிர்களுக்கும் தீங்கு நேராமல் காப்பதே முழுமையான வளர்ப்பாகும்.