பெடலுக்குள்ள வால்வே இல்ல, அப்புறம் அந்தச் சத்தம் எப்படி வருது?

இன்னிக்கு எபிசோடை கிட்டார் வாசிக்கத் தெரியாதவங்களும் கேட்கலாம். 1960-களின் வால்வு ஆம்ப்ளிஃபயரோட சத்தம் தரும்னு சொல்லி, கையடக்கமா ஒரு பெடல் விக்கிறாங்க. திறந்து பார்த்தா வால்வு கிடையாது, ஒரு சிப்தான் இருக்கு. இது ஒரிஜினலா, டூப்பா?

நான் மாதனூர்க்காரன். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவுல, ஹைவே மேலேயே இருக்கிற ஊர். எங்க பக்கம் தோல் வேலை தெரிஞ்சவங்க நிறைய. எது தோல், எது ரெக்சின்னு தடவிப் பார்த்து, மடிச்சுப் பார்த்துச் சொல்லிடுவாங்க. பெடலையும் அப்படியே மடிச்சுப் பார்ப்போம்.

முதல்ல, வால்வுன்னா என்ன? பழைய ரேடியோவுக்குள்ள ஆரஞ்சு நிறத்துல மினுங்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய்தான். உதாரணத்துக்கு வாக்ஸ் ஏசி30-ஐ எடுத்துக்கலாம். இங்கிலாந்துல 1960-ஐ ஒட்டி வந்த ஆம்ப், பீட்டில்ஸ் வாசிச்சது. ஸ்பீக்கரை இயக்குற பகுதியில இஎல்84 வால்வு நாலு, அதுக்கு முன்னாடி சிக்னலைப் பெருசாக்க இசிசி83.

இந்த ரெண்டு வகை வால்வும் பெங்களூருவுல பாரத் எலக்ட்ரானிக்ஸ், அதாவது பிஇஎல், தயாரிச்சதுதான். ராணிப்பேட்டை 'பெல்'லோட குழப்பிக்காதீங்க, அது பிஹெச்இஎல். பிஇஎல் 1954-ல் தொடங்கின அரசு நிறுவனம். 1960-களில் ரேடியோவுக்கான வால்வுகளைச் செய்ய ஆரம்பிச்சது. டிரான்சிஸ்டர் வந்ததும் வால்வு ரேடியோவுக்கு வேலை போச்சு. ஆனா அந்தப் பழைய பிஇஎல் வால்வுகளைத் தேடி வாங்குற கிட்டார்காரங்க வெளிநாட்டுல இன்னும் இருக்காங்க.

ஏன் தேடணும்? கிட்டாரை மெதுவா மீட்டினா, வால்வு அந்தச் சத்தத்தைக் கிட்டத்தட்ட அப்படியே பெருசாக்கும். ஓங்கி அடிச்சா அதால முழுசா கொடுக்க முடியாது. அலையோட உச்சி மழுங்கிடும். கத்தியால வெட்டின மாதிரி சட்டுனு இல்லாம, வளைஞ்சு மழுங்கும். மேல்பக்கமும் கீழ்பக்கமும் ஒரே அளவுல மழுங்கணும்னும் இல்ல. இந்த மழுங்கல்ல புதுசா சில மேலோசைகள் பிறக்கும். 'சூடான சத்தம்'னு கிட்டார்காரங்க சொல்றது பெரும்பாலும் இதைத்தான்.

இதை நகலெடுக்க எளிய வழி: உள்ளே ஒரு எண் வரும், எஸ் வடிவ வளைகோட்டுல அதைப் போட்டு, கிடைக்கிற எண்ணை வெளியே அனுப்பணும். கோடிங்ல ஒரே வரி. ஆனா இது எம்பாஸ் பிளேட்டை வச்சு ரெக்சின்மேல தோல் ரேகையை அழுத்துற மாதிரி. போட்டோவுல அச்சு அசலா இருக்கும், மடிச்சா தெரிஞ்சிடும்.

எங்க தெரியும்னா, ஞாபகத்துல. வீட்டுல மோட்டார் போட்டதும் பல்பு ஒரு நொடி மங்குமே? ஆம்ப்லயும் அதே கதை. ஓங்கி ஒரு கார்டு அடிச்சதும் வால்வுகள் கரண்ட்டை இழுக்கும், பவர் சப்ளை வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும், சத்தம் அமுங்கித் திரும்ப எழும். அதாவது இந்த நொடி என்ன சத்தம் வரும்ங்கிறது, கொஞ்சம் முன்னாடி நீங்க என்ன வாசிச்சீங்கங்கிறதையும் பொறுத்தது. வெறும் வளைகோட்டுக்கு அந்த ஞாபகம் கிடையாது.

அதனால நல்ல பெடல்கள் ரெண்டு வழியில போகுது. ஒண்ணு, சர்க்யூட்டையே கணக்கா எழுதுறது. ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், வால்வு எல்லாம் சமன்பாடுகளா மாறும், சிப் அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை தீர்க்கும். இன்னொண்ணு, ஆம்ப்புக்குள்ள போன சிக்னலையும் வெளியே வந்ததையும் பதிவு பண்ணி, ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குப் பழக்குறது. நியூரல் ஆம்ப் மாடலர்னு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளே இருக்கு, காசு இல்லாம லேப்டாப்ல போட்டுப் பார்க்கலாம். இந்த வழியில ஒரு கட்டுப்பாடு உண்டு. பொதுவா ஆம்ப் எந்த நிலையில இருந்தப்போ பதிவு பண்ணாங்களோ, அந்த நிலை மட்டும்தான் கிடைக்கும். ஆம்ப்போட நாப்-ஐத் திருப்பினா அது எப்படி மாறியிருக்கும்னு அந்த மாடலுக்குத் தெரியாது.

இன்னொரு சிக்கல் டிஜிட்டலுக்கே உரியது. நொடிக்கு 48,000 சாம்பிள் எடுத்தா, 24,000 ஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்க முடியும். 5,000 ஹெர்ட்ஸ் ஓசை ஒண்ணு மழுங்கும்போது அதோட 9-ஆவது மடங்கு, 45,000, பிறக்குதுன்னு வைங்க. அதுக்கு இடமில்ல. மடங்கித் திரும்பி 3,000-ல வந்து உட்காரும். 48,000-ல 45,000 போனா 3,000, அவ்வளவுதான் கணக்கு. வாசிச்ச ஓசைக்குச் சம்பந்தமே இல்லாத கரகரப்பு இது. இதைத் தவிர்க்கத்தான் பெடலுக்குள்ள நாலு மடங்கு, எட்டு மடங்கு வேகத்துல கணக்குப் போடுறாங்க.

'கணக்குப் போட்டு முடிக்கிறதுக்குள்ள லேட் ஆகாதா?'ன்னு கேட்பீங்க. 128 சாம்பிள் தாமதம்னா 2.7 மில்லி செகண்ட். அந்த நேரத்துல சத்தம் காத்துல போற தூரம் மூணு அடி. ஆம்ப்லேருந்து மூணு அடி தள்ளி நின்னு வாசிக்கிற அளவுதான்.

அடுத்தது ஸ்பீக்கர். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல வேகமா மங்கிடும். அந்த மங்கலும், முன்னாடி வச்ச மைக்கோட குணமும் சேர்த்துதான் பெடல்ல 'கேப்' பகுதியா இருக்கும். சர்ச்சுலயோ மேடையிலயோ நேரா மிக்ஸர்ல சொருகினா கேப் ஆன்ல இருக்கணும். கிட்டார் ஆம்ப்ல சொருகினா ஆஃப் பண்ணிடுங்க. இல்லன்னா ரெண்டு ஸ்பீக்கர் வழியா போன மாதிரி மொத்தையா கேட்கும்.

இப்ப முதல் கேள்விக்கு வருவோம். நம்மள்ல எத்தனை பேர் ஏசி30 முன்னாடி நின்னு கேட்டிருக்கோம்? நமக்குத் தெரிஞ்சதெல்லாம் ரெக்கார்டுல வந்தது, மைக் வழியா வந்தது. பெடல் நகலெடுக்கிறதும் அதைத்தான். ஹெட்போன்ல நம்பும்படி இருக்கிறதுக்கும், ரூம்ல காத்து நெஞ்சுல வந்து மோதுற அனுபவம் கிடைக்காததுக்கும் காரணம் ஒண்ணே. ஒரிஜினல் 30 கிலோவுக்கு மேல எடை, வாடகை வீட்டுல முழுச் சத்தம் வைக்கவும் முடியாது. கூடவே ஒரு எச்சரிக்கை: வால்வு ஆம்ப்புக்குள்ள 300 வோல்ட்டும் அதுக்கு மேலயும் ஓடும். பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டர்ல கொஞ்ச நேரம் தங்கி நிக்கும், உயிரை எடுக்கும். யூடியூப் பார்த்துத் திறக்காதீங்க.

கடையில பெடலை மடிச்சுப் பார்க்க ஒரு வழி சொல்றேன். சத்தம் கரகரக்கிற அளவுக்கு வச்சுட்டு, பெடலைத் தொடாம, கிட்டார்ல இருக்கிற வால்யூமை மட்டும் பாதியாக் குறைங்க. கரகரப்பு படிப்படியா விலகித் தெளிவா வந்தா நல்ல பெடல். கரகரப்பு அப்படியே இருந்து சத்தம் மட்டும் குறைஞ்சா, காசை எடுக்காதீங்க.