வீட்டு மேஜைக்கு மெக்கானிக்கல் கீபோர்டு: 2,500 ரூபாய் செலவழிக்கலாமா?

ஆடிப்பெருக்கு வந்துவிட்டால் சிவகாசியில் அடுத்த வருடம் பிறந்துவிடும். ஆடி 18 அன்று பூஜை போட்டு, புது வருடக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவார்கள். அன்று தொடங்கும் ஓட்டம் டிசம்பர் வரை நிற்காது. கடைப்பெயர், முகவரி, போன் நம்பர், ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் என எல்லாவற்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து டைப் அடித்தாக வேண்டும்.

இன்னொரு பக்கம் தீபாவளி ஆர்டர்கள். பட்டாசுக் கடைகளுக்கான பில், லாரி புக்கிங், ஜி.எஸ்.டி. கணக்கு என இதுவும் கீபோர்டில்தான் முடிகிறது. இந்த வேலைகளில் பல இப்போது வீட்டு மேஜைக்கே வந்துவிட்டன. பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் டிகிரி முடித்துவிட்டு, ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு டைப்பிங்கும் டேலியுமாகச் சம்பாதிக்கிறார்கள்.

அவர்கள் அதிகம் தொடும் பொருள் கீபோர்டு. ஆனால், கம்ப்யூட்டர் வாங்கும்போது கடைசியாக யோசிப்பதும் அதைத்தான். 'ஏதோ 400 ரூபாய்க்கு ஒன்று போட்டுக் கொடுங்க' என்று வாங்கிவிடுகிறோம். ஆறே மாதத்தில் ஸ்பேஸ் பார் ஒரு பக்கம் இழுக்கும். 'க' இரண்டு முறை விழும். சாயங்காலமானால் விரல் நுனி வலிக்கும்.

மெக்கானிக்கல் கீபோர்டு இதற்குத் தீர்வா? 2,500 ரூபாய் கொடுக்கும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

ரப்பரா, ஸ்பிரிங்கா?

சாதாரண கீபோர்டைக் கழற்றினால் உள்ளே பிளாஸ்டிக் தாள்களும், அவற்றின் மேல் சின்னச் சின்ன ரப்பர் கிண்ணங்களும் இருக்கும். கீயை அழுத்தினால் கிண்ணம் மடங்கி, தாள்களில் இருக்கும் மின்கோடுகளை ஒன்றோடொன்று சேர்க்கும். அப்போதுதான் எழுத்து விழும். அதாவது, ஒவ்வொரு எழுத்துக்கும் அடி வரை அழுத்தியாக வேண்டும். நாளாக ஆக ரப்பர் தளர்ந்துவிடும்.

மெக்கானிக்கலில் ஒவ்வொரு கீக்கும் தனித்தனி சுவிட்ச். அதற்குள் ஒரு ஸ்பிரிங், ஓர் உலோகத் தொடுமுனை. வழக்கமான சுவிட்ச் மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஆனால், சுமார் 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே எழுத்து விழுந்துவிடும். பழகிவிட்டால் அடி வரை குத்த வேண்டியதில்லை.

ஆயுளையும் பார்த்துவிடுவோம். ரப்பர் கீபோர்டில் ஒரு கீ 50 லட்சம் முதல் ஒரு கோடி அழுத்தம் வரை தாங்கும் என்பது தயாரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. மெக்கானிக்கலுக்கு 5 கோடி. ஸ்பேஸ் பாரை நாளைக்கு 5,000 முறை தட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 லட்சம் என்பது 1,000 நாளில் முடிந்துவிடும். மூன்று வருடம்கூட இல்லை. 5 கோடி முடிய 10,000 நாள், கிட்டத்தட்ட 27 வருடம் ஆகும். தூசியும் வெயிலும் நிஜக் கணக்கைக் குறைக்கும்தான். ஆனாலும் வித்தியாசம் பெரியது.

நம் ஊர்ப் பெயர் கொண்ட கீபோர்டு

'மெக்கானிக்கல்' என்றதும் கலர் கலராக லைட் எரியும் கேமிங் கீபோர்டுதான் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வரும். ஆனால் வங்கி கவுன்ட்டரிலும் ரயில்வே முன்பதிவு கவுன்ட்டரிலும் 'டக் டக்' என்று சத்தம் கேட்டிருப்பீர்களே, அதில் பல டி.வி.எஸ். கோல்டு கீபோர்டுகள். 1911-ல் மதுரையில் டி.வி.சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய குழுமத்திலிருந்து வந்த டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸின் தயாரிப்பு அது. லைட் இல்லை, அலங்காரம் இல்லை. உள்ளே இருந்தது ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்தின் நீல சுவிட்ச். வெளிநாட்டில் அதிக விலைக்கு விற்ற சுவிட்சை, இங்கே ஆபீஸ் குமாஸ்தாக்கள் சாதாரணமாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு வந்த 'கோல்டு பாரத்' மாடலில் ரூபாய் குறியீடும் இருக்கிறது. அந்தக் குறியீட்டை வடிவமைத்த உதயகுமாரும் தமிழர்தான். 2010 ஜூலை 15-ல் மத்திய அரசு அதை ஏற்றுக்கொண்டது.

செர்ரியின் காப்புரிமைக் காலம் 2014 வாக்கில் முடிந்ததும் சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் சுவிட்ச் செய்ய ஆரம்பித்தன. விலை சரிந்தது. இன்று ரெட்ராகன், காஸ்மிக் பைட், ரெட்கியர், ஆன்ட் ஈஸ்போர்ட்ஸ் என்று பல பெயர்களில் ஏறக்குறைய 1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் மெக்கானிக்கல் கிடைக்கிறது. டி.வி.எஸ். கோல்டும் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் வந்துவிடும். எதை வாங்கினாலும் உள்ளே எந்த சுவிட்ச் என்று பெட்டியில் பார்த்துவிடுங்கள்.

நீலம், பிரவுன், சிவப்பு

சுவிட்சின் நிறம்தான் அதன் குணம்.

நீலம்: அழுத்தும்போது ஒரு தடை தெரியும், 'கிளிக்' சத்தமும் வரும். டைப்ரைட்டரில் பழகிய கைகளுக்குப் பிடிக்கும்.

பிரவுன்: தடை லேசாகத் தெரியும், 'கிளிக்' இருக்காது.

சிவப்பு: தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். அழுத்தவும் லேசு. கை வைத்தாலே எழுத்து விழுவதுபோல் இருப்பதால், புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பிழை அதிகம் வரலாம்.

ஒரே ஹாலில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில், இரவு 11 மணிக்கு நீல சுவிட்சில் வேலை பார்த்தால் மறுநாள் காலை காபி கிடைக்காது! தொட்டில் குழந்தையோ, பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையோ இருந்தால் பிரவுன் வாங்குங்கள். தனி அறை, பகல் வேலை என்றால் நீலம் தாராளமாக வாங்கலாம். மெக்கானிக்கலில் முற்றிலும் சத்தமில்லாதது அபூர்வம். சிவப்பிலும் கீ அடியில் மோதும் சத்தம் இருக்கும். கீபோர்டுக்கு அடியில் ஒரு தடித்த துணியை விரித்தால் மேஜை அதிர்வது குறையும்.

தமிழ் எழுத்து அச்சிட்டிருக்க வேண்டுமா?

வேண்டாம். எந்தக் கீயைத் தட்டினால் எந்த எழுத்து என்பதை முடிவு செய்வது கம்ப்யூட்டர், கீபோர்டு அல்ல. யாழ்ப்பாணத்தில் 1886-ல் பிறந்த ஆர்.முத்தையா உருவாக்கிய தமிழ் டைப்ரைட்டர் வழியில் 'யளனக' பழகியவர்களும் இதே கீபோர்டில் அடிக்கலாம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' முறையிலும் அடிக்கலாம். அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம். என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பார்க்க வேண்டியது, 'எஃப்', 'ஜே' கீகளின் மேல் சின்ன மேடு தெளிவாக இருக்கிறதா என்பதை. பார்க்காமல் அடிப்பவர்களின் ஆள்காட்டி விரலுக்கு அதுதான் வழிகாட்டி. டைப்ரைட்டிங்கில் இளநிலை, முதுநிலை முடித்து, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தட்டச்சர் பணிக்குத் தயாராகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இது ரொம்பவே முக்கியம். ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, முதுநிலைக்கு 45. அந்த வேகத்தில் கீழே குனிந்து எழுத்தைத் தேட நேரமில்லை.

சின்னதாக வாங்கிவிடாதீர்கள்

61 கீ மட்டுமே உள்ள குட்டிக் கீபோர்டு பார்க்க அழகாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் அதில் வலப்பக்க நம்பர் பேடு கிடையாது, மேல் வரிசை 'எஃப்' கீகளும் கிடையாது. டேலியில் பேமென்ட்டுக்கு எஃப்5, ரசீதுக்கு எஃப்6, விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9. இதெல்லாம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கீ சேர்த்து அழுத்த வேண்டிவந்தால் வேகம் போய்விடும். பில் போடுகிறவர்கள் 104 கீ உள்ள முழு கீபோர்டையே வாங்குங்கள். கணக்கு வேலை இல்லை, டைப்பிங் மட்டும்தான் என்றால் நம்பர் பேடு இல்லாத 87 கீ போதும். மவுஸுக்கும் இடம் கிடைக்கும்.

பேப்பர் தூசியும் இரட்டை எழுத்தும்

மழை குறைவு, வெயில் அதிகம், காற்றில் எப்போதும் புழுதி என்பது விருதுநகர் மாவட்டத்தின் இயல்பு. அச்சகத்துக்குப் பக்கத்து வீடென்றால் பேப்பர் தூசியும் சேரும். இந்தத் தூசி சுவிட்சின் தொடுமுனையில் படிந்தால், ஒருமுறை தட்டினாலும் எழுத்து இரண்டு முறை விழலாம். வாட்ஸ்அப்பில் அது சின்னப் பிழை. காலண்டரில் ஒரு கடைக்காரரின் போன் நம்பரில் 4 இரண்டு தடவை விழுந்து, பிரூஃபிலும் தப்பிவிட்டால்? பல ஆயிரம் காலண்டர்களிலும் அதே தப்பு. அச்சடித்த பேப்பர் செலவை யார் ஏற்பது என்ற பேச்சு டைப் அடித்தவரிடம்தான் வந்து நிற்கும்.

வேலை முடிந்ததும் ஒரு துணியால் மூடி வையுங்கள். மாதம் ஒருமுறை கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி, பிரஷ்ஷால் துடைத்தால் போதும். ஒரு கீ மட்டும் தொல்லை கொடுத்தால், அந்தச் சுவிட்சை மட்டும் மாற்றலாம். 'ஹாட் ஸ்வாப்' என்று போட்டிருக்கும் மாடலில் நீங்களே பிடுங்கிப் புதிது செருகிக்கொள்ளலாம். மற்றவற்றில் சால்டரிங் தெரிந்த டி.வி. மெக்கானிக் மாற்றிக் கொடுப்பார். ரப்பர் கீபோர்டில் ஒரு கீ போனால் பெரும்பாலும் மொத்தமும் குப்பைக்குத்தான்.

கைவலி போய்விடுமா?

கீபோர்டை மாற்றினால் மட்டும் போகாது. மெக்கானிக்கல் கீபோர்டு சற்று உயரமானது. டைனிங் டேபிளில் வைத்து அடித்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும், வலி கூடும். முழங்கை மேஜை மட்டத்துக்கு வரும்படி நாற்காலியில் தலையணை போட்டு உட்காருங்கள். கீபோர்டின் பின்கால்களை மடக்கியே வையுங்கள். ஒரு துண்டைச் சுருட்டிக் கீபோர்டுக்கு முன்னால் வைத்தால், ஓய்வெடுக்கும்போது கையை வைத்துக்கொள்ளலாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கையை உதறுங்கள். இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போனால் டாக்டரைப் பாருங்கள். அது நரம்பு அழுத்தமாக இருக்கலாம்.

வாங்கும்முன்...

* 'மெக்கானிக்கல் ஃபீல்', 'செமி மெக்கானிக்கல்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் ரப்பர் கீபோர்டுதான். சுவிட்சின் பெயர், நிறம் தெளிவாக இருக்க வேண்டும்.
* ஒயர் உள்ள மாடலே போதும். சார்ஜ் போடும் கவலை இல்லை, விலையும் குறைவு.
* கீயின் மேல்மூடி 'பி.பி.டி.' பிளாஸ்டிக் என்றால் சீக்கிரம் பளபளப்பாகித் தேயாது.
* முடிந்தால் விருதுநகரிலோ மதுரையிலோ கடையில் தட்டிப் பார்த்து வாங்குங்கள். ஆன்லைன் என்றால், வந்த அன்றே எல்லாக் கீயையும் தட்டிச் சோதியுங்கள். திருப்பி அனுப்பும் கெடு சில நாள்தான்.
* பில்லை போட்டோ எடுத்து வையுங்கள். வாரன்டி எத்தனை வருடம் என்று கேளுங்கள்.
* செகண்ட் ஹேண்டில் பழைய டி.வி.எஸ். கோல்டு கிடைத்தால் யோசிக்கலாம். யு.எஸ்.பி. முனைதானா என்று பாருங்கள். மிகப் பழையவற்றில் உருண்டை முனை இருக்கும்.

யாருக்கு வேண்டாம்?

கரன்ட் பில் கட்ட, ஸ்கூல் புராஜெக்ட் அடிக்க என நாளைக்கு அரை மணி நேரம்தான் கீபோர்டைத் தொடுகிறீர்கள் என்றால் 500 ரூபாய் கீபோர்டு தாராளமாகப் போதும். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல நாற்காலிக்குச் சீட்டுப் போடுங்கள்.

டைப்பிங்தான் வருமானம் என்றால் கணக்கு வேறு. பக்கத்துக்கு 20 ரூபாய் வாங்குகிறவருக்கு 2,500 ரூபாய் என்பது 125 பக்கம். தையல்காரர் நல்ல கத்தரிக்கோலுக்குக் கணக்குப் பார்ப்பதில்லை. வீட்டில் யாராவது நாளெல்லாம் டைப் அடித்துச் சம்பாதிக்கிறார்கள் என்றால், அடுத்த போனஸிலோ சீட்டுப் பணத்திலோ அவருக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். முதலில் அவரிடம் நிறத்தைக் கேட்டுவிடுங்கள், பக்கத்தில் தூங்குகிறவர்களிடமும்!