திரைக்கு அப்பால் இருக்கும் பிள்ளைக்குப் புரிந்ததா?

யுத்தத்தால் படிப்பு இடைநடுவில் நின்றுபோன வேதனை நம் வாசகிகள் பலருக்குத் தெரிந்த ஒன்றாகும். இடம்பெயர்ந்த வழியில் புத்தகப் பையைத் தொலைத்தவர்கள் நம்மிடையே உண்டு. அதனால்தான் 2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, "என் படிப்புத்தான் போனது, பிள்ளையின் படிப்பும் போய்விடுமோ" என்று எத்தனையோ தாய்மார் கலங்கினார்கள்.

அப்போது வகுப்பறை கைத்தொலைபேசிக்குள் வந்தது. ஸூம், வட்ஸ்அப், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் என்பன வீட்டுச் சொற்களாகின. ஆனால் கண்டி நகரில் கிடைக்கும் சிக்னல் கலஹா, தெல்தோட்டை, பன்விலைப் பகுதித் தோட்டங்களில் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஒரு போன், மூன்று பிள்ளைகள் என்ற வீடுகளும் இருந்தன. ஆசிரியர்களும் போதிய பயிற்சியின்றியே இந்தப் புதிய முறைக்குள் இறங்க வேண்டியிருந்தது.

கொரோனா தணிந்தபின்னும் இணையவழி வகுப்புகள் தொடர்கின்றன. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டினால் பாடசாலைகள் மூடப்பட்டபோதும் அவையே கைகொடுத்தன. இன்று டியூஷன், ஆங்கிலம், தொழிற்பயிற்சி எனப் பலவும் இவ்வழியில் நடக்கின்றன. அப்படியானால், இணையவழியில் கற்பிப்பவரின் திறமையை எப்படி அளப்பது?

அளவுகோல் சொல்வது என்ன?

ஆசிரியர்களின் தொழில்நுட்பத் திறமைக்கென யுனெஸ்கோ 2008இல் ஒரு சட்டகத்தை வெளியிட்டது. 2018இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் 18 திறன்கள் உள்ளன. கல்விக் கொள்கையை விளங்கிக்கொள்ளல், பாடத்திட்டமும் மதிப்பீடும், கற்பிக்கும் முறை, கருவிகளைக் கையாளல், வகுப்பை ஒழுங்கமைத்தல், ஆசிரியர் தாமே தொடர்ந்து கற்றல் என 6 துறைகளாக அவை பிரிக்கப்பட்டுள்ளன. இந்த ஆறில் கருவியைக் கையாள்வது ஒன்றேயாகும் என்பதைக் கவனியுங்கள். ஐரோப்பிய ஆணைக்குழு 2017இல் வெளியிட்ட சட்டகத்திலும் 22 திறன்கள் உண்டு. எந்த மாணவரும் ஒதுக்கப்படாமல் சேர்த்துக்கொள்ளப்படுவதை அதுவும் ஒரு திறனாகக் கணக்கிடுகிறது.

ஆகவே, ஸூமை விரைவாக இயக்கத் தெரிந்தவரெல்லாம் நல்ல இணையவழி ஆசிரியர் என்று சொல்லிவிட முடியாது.

யார் அளப்பது?

பெரும்பாலும் ஆசிரியரிடமே ஒரு வினாக்கொத்தைக் கொடுத்து, தமக்குத் தாமே புள்ளியிடச் சொல்கிறார்கள். இது இலகுவானது, தமக்கு எந்தப் பயிற்சி தேவை என அறியவும் உதவும். ஆனால் துணிச்சலுள்ளவர் கூட்டிப் போடுவார், அடக்கமானவர் குறைத்துப் போடுவார். எனவே பாடம் நடக்கும்போது இன்னொருவர் பார்ப்பதும், பிள்ளைகளின் வேலைகளைப் பார்ப்பதும், பிள்ளைகளிடமே கேட்பதும் அவசியமாகும். வகுப்புக்கு வர முடியாத பிள்ளையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வந்த 10 பேருக்கு நன்றாகக் கற்பித்து, வராத 20 பேரை மறந்துவிட்டால் அந்தப் புள்ளி முழுமையானதல்ல.

அதேவேளை, ஆசிரியரின் நிலையையும் நாம் மறக்கலாகாது. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது, டேட்டாவுக்கும் கருவிக்கும் சொந்தப் பணத்தைச் செலவழிப்பதாகவும் கூறினார்கள். வசதி கொடுக்காமல் திறமையை மட்டும் அளப்பது நியாயமாகாது.

நாம் கேட்கக்கூடியவை

சகோதரிகளே, பிள்ளையை ஒரு வகுப்பில் சேர்க்கும்போதோ, நீங்களே விட்ட படிப்பைத் தொடர நினைக்கும்போதோ, பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்:

- எனக்கு விளங்கவில்லை என்பதை ஆசிரியர் எப்படி அறிவார்?
- சிக்னல் இல்லாத நாளில் பாடத்தைக் குரல் பதிவாகவோ, அச்சிலோ தருவார்களா?
- பயிற்சிகளைத் திருத்தி எத்தனை நாளில் தருவார்கள்?
- தமிழில் சந்தேகம் கேட்க முடியுமா?

பொல்கொல்லையிலுள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டிப் பிராந்திய நிலையம் போன்ற இடங்களுக்கு நேரில் சென்றும் இவற்றை விசாரிக்கலாம்.

"நாங்கள் படிக்காதவர்கள், எங்களுக்கு என்ன தெரியும்" என்று ஒதுங்க வேண்டாம். பாடம் முடிந்ததும், "இன்று படித்ததை எனக்குச் சொல்லு" என்று பிள்ளையிடம் கேளுங்கள். அது தன் சொல்லில் சொன்னால் பாடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. சொல்லத் தடுமாறினால் பிள்ளையை ஏசாமல், அதை ஆசிரியருக்கு அறியத் தாருங்கள். எங்கே திருத்த வேண்டும் என்பதை அவர் அறிய அது உதவும்.