டிரைவர் இல்லாத லாரி தொப்பூருக்கு வருமா? காப்புரிமை ஏட்டைப் புரட்டினால் தெரியும்!

தர்மபுரி:-

தொப்பூர் கணவாய் என்றாலே லாரி டிரைவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். தர்மபுரியில் இருந்து சேலம் போகும் பாதையில் ஒரே இறக்கம், வளைவு. டீசலை மிச்சம் பிடிக்க 'நியூட்ரல்' போட்டு இறங்குகிறவர்களும் உண்டு. 2020 டிசம்பரில் இங்கு லாரி மோதியதில் 4 பேர் பலி. 2024 ஜனவரியில் மேலும் 4 பேர் பலி.

"வளைவுக்கு அப்பால் வண்டிகள் நிற்குது, மெதுவா வா" என்று முன்னால் போகும் வண்டியே பின்னால் வரும் லாரிக்குத் தகவல் சொன்னால்? அந்தத் தகவலைக் கேட்டு லாரி தானே வேகத்தைக் குறைத்தால்?

இது கதை அல்ல. ரேடியோ அலை மூலம் வண்டிக்கு வண்டி பேசும் கருவிகளும், தானே ஓடும் வண்டிகளும் பல நாடுகளில் சோதனையில் உள்ளன. எவ்வளவு தூரம் முன்னேறி இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதுதான் காப்புரிமை ஏடு.

18 மாத ரகசியம்

புதிய கருவி கண்டுபிடித்தவர் காப்புரிமை ஆபீசில் மனு போட வேண்டும். சென்னையில் அந்த ஆபீஸ் கிண்டியில் இருக்கிறது. கருவி வேலை செய்யும் விதத்தை மனுவில் விளக்கியே ஆக வேண்டும். 18 மாதம்தான் ரகசியம். பிறகு வெள்ளிக்கிழமை தோறும் வரும் அரசு ஏட்டில் வெளியாகிவிடும். யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் இலவசமாகப் பார்க்கலாம்.

பஸ்சுக்கு ரூட் நம்பர் போல, ஒவ்வொரு துறைக்கும் உலகம் முழுவதும் ஒரே குறியீடு உண்டு. தானே ஓடும் வண்டிக்கு 'பி60டபிள்யூ 60'. வண்டிகள் பேசிக்கொள்ளும் ரேடியோ வசதிக்கு 'எச்04டபிள்யூ 4/40'. இந்த இரண்டிலும் வருடத்துக்கு எத்தனை மனு, எந்த நாடு, எந்தக் கம்பெனி என்று எண்ணினால் குட்டு உடைந்துவிடும். வண்டி தானே ஓடத் தொடங்கும் முறை ஒன்றுக்கு கூகுள் கம்பெனி 2011 டிசம்பரிலேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டது.

எண்ணிக்கை போதுமா?

போதாது. மனு போட்டதெல்லாம் ரோட்டுக்கு வராது. இந்தியாவில் காப்புரிமையின் ஆயுள் 20 வருடம். 3-வது வருடத்தில் இருந்து ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் காலாவதி. யார் விடாமல் பணம் கட்டுகிறார் என்று பார்த்தால், எந்தக் கருவிக்கு மதிப்பு இருக்கிறது என்பதற்கு ஒரு துப்பு கிடைக்கும்.

"டிரைவர் பிழைப்பு என்னாகும்?" என்பது நியாயமான கேள்விதான். டிரைவர் இல்லாத கார்களை இந்தியாவில் அனுமதிக்கப் போவதில்லை என்று மத்திய மந்திரி நிதின் கட்காரி 2023 டிசம்பரில் சொன்னார். ஆனால் டிரைவரை எச்சரிக்கும் கருவிக்கு டிரைவரை இறக்கிவிட வேண்டிய அவசியமே இல்லை.

அது வரும்போது வரட்டும். அதுவரை தொப்பூரில் நியூட்ரல் வேண்டாம். கியரிலேயே இறங்குங்கள்!