அன்லிமிடெட்: வரப்பில்லாத ஒரு சொல்

கைப்பேசித் திட்டமானாலும் உணவக விருந்தானாலும் ‘அன்லிமிடெட்’ என்றால் நமக்கு மகிழ்ச்சியே. வயல்களுக்கிடையே எல்லையாக அமைந்த பாதையை இலத்தீன் மொழியில் ‘லீமெஸ்’ என்றனர். அதிலிருந்து வந்த ‘லிமிட்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் கலந்தது. ‘அன்’ என்னும் எதிர்மறை முன்னொட்டு சேர, வரப்பில்லாதது என்று பொருளாயிற்று.

வணிகச் சட்டத்தில் இச்சொல் வரவைக் குறிப்பதில்லை, பொறுப்பைக் குறிக்கிறது. ‘லிமிடெட்’ நிறுவனத்தின் பங்குதாரர், தம் பங்குகளுக்குரிய தொகைக்கு மேல் நிறுவனக் கடனுக்குப் பொறுப்பாகார். 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமையும் கூட்டாண்மையில் இந்த வரப்பு இல்லை. ரூ.2 லட்சம் முதலிட்ட கூட்டாளியிடம், நிறுவனம் பட்ட ரூ.20 லட்சக் கடன் முழுவதையும் கோரலாம். அவரது சொந்தச் சொத்தும் அதற்கு ஈடாகக்கூடும்.

நண்பருக்குப் பிணை நிற்பவர் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாவிடில், கடன் பெற்றவருக்குள்ள அதே பொறுப்பு பிணையாளருக்கும் உண்டு என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு. வட்டியும் அதில் அடங்கும்.

ஆகவே, பிணைப் பத்திரத்தில் உச்சத்தொகை குறிக்கப்பட்டுள்ளதா எனக் கிளையில் கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுமாறு வாடிக்கையாளர்களை வேண்டுகிறோம். அவ்வாறு கேட்பதை நாங்கள் அவநம்பிக்கையாகக் கருதுவதில்லை.