கொத்துக்கறியும் கோலா உருண்டையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சதுரகிரிக்குச் செல்லும் அடியார்கள் தாணிப்பாறையை நோக்கிப் போகும் வழியில் இருக்கிறது வத்திராயிருப்பு. கண்மாயும் நெல்வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த ஊர் அது. மேற்கே மலைச்சாரல், கிழக்கே சற்றுத் தொலைவு சென்றால் கரிசல் பூமி. இந்த வட்டாரத்தில் ஆடு வளர்ப்பது பழந்தொழில். கரிய உடலும், முகத்தின் இரு பக்கங்களிலும் கோடும் உடைய கன்னி ஆடு என்னும் வெள்ளாட்டினத்தை இந்தத் தென்மாவட்டங்களில்தான் மிகுதியாகக் காணலாம். வெண்ணிற உடலில் செம்புள்ளிகள் விளங்கும் வெம்பூர்ச் செம்மறியும் இப்பக்கத்து ஆடே. ஆகவே, ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்குள்ள ஒரு கறிக்கடையின் முன் நின்றால், புளியமரக் கட்டையின்மேல் கத்தி விழும் ஓசை நம் காதில் விழாமல் இராது.

அந்த ஓசையைச் சற்றே கவனித்துக் கேளுங்கள். விட்டுவிட்டு விழும் கனத்த ஓசை, குழம்புக்குத் துண்டு போடும் ஓசை. இடைவிடாது விழும் மெல்லிய ஓசை, கொத்துக்கறி கொத்தும் ஓசை. கைமா என்றும் இதனைச் சொல்வார்கள். முன்னது நம் கண்ணுக்குத் தெரியும் துண்டுகளைத் தருகிறது. பின்னது கறியின் இயல்பையே மாற்றிவிடுகிறது. அந்த மாற்றம் என்ன, அதை அறிந்தவர் எப்படி நல்ல கோலா உருண்டை செய்வார் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

கறியைக் கொத்தி உருட்டியோ தட்டியோ சமைப்பது நமக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் கோஃப்தா என்கிறார்கள்; வட இந்தியாவில் கபாப் என்கிறார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தின் பெயரைத் தாங்கி, அமெரிக்காவில் வளர்ந்து, இன்று நம் நகரங்களின் கடைகளிலும் பன்னுக்குள் வைத்து விற்கப்படும் ஹாம்பர்கரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பெயர் வேறு, மசாலை வேறு. ஆனால் அடிப்படை ஒன்றே. ஆதலால் கோலா உருண்டையின் விஞ்ஞானத்தை அறிந்தவர் மற்றவற்றின் விஞ்ஞானத்தையும் அறிந்தவர் ஆவார்.

மாணவர்களே, ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு கறித்துண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். அதையே 2 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு கனசதுரங்களாக வெட்டினால் 1,25,000 துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு 30,000 சதுர சென்டிமீட்டர். கறி அதே கறிதான், எடையும் மாறவில்லை. ஆனால் பரப்பு 50 மடங்காகிவிட்டது.

இதனால் விளையும் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. உப்பும் உறைப்பும் எளிதில் ஊறுகின்றன. கடினமான தசைநார் அறுபட்டுக் கறி மெதுவாகிறது. இவை நன்மை. தீமை யாது? நல்ல ஆட்டின் தசையின் உட்புறத்தில் சாதாரணமாகக் கிருமிகள் இருப்பதில்லை. தோலுரிக்கும்போதும் குடலை நீக்கும்போதும், கையிலிருந்தும் கத்தியிலிருந்தும் கட்டையிலிருந்தும் வந்து, அவை கறியின் வெளிப்புறத்திலேயே ஒட்டிக்கொள்கின்றன. பெருந்துண்டைச் சுட்டாலும் வறுத்தாலும் முதலில் கொதிப்பேறுவது அந்த வெளிப்புறம்தான், கிருமிகள் மாண்டுபோகின்றன. ஆனால் கறியைக் கொத்தும்போது வெளிப்புறம் உட்புறமாகிவிடுகிறது. மேலே இருந்த கிருமி உருண்டையின் நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறது. உருண்டையின் மேல் பக்கம் சிவந்து மணம் வீசும்போது, நடுப்பகுதி வெதுவெதுப்பாகவே இருக்கக்கூடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலும் வேறு சில மாநிலங்களிலும், சரியாக வேகாத ஹாம்பர்கர்களை உண்ட எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். எஷரிக்கியா கோலி என்னும் கிருமிக் குலத்தில் ஒரு கொடிய வகையே அதற்குக் காரணம். அது வெளிப்படுத்தும் நஞ்சு, சிறு குழந்தைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ய வல்லது. அக்கிருமி பெரும்பாலும் மாட்டின் குடலில் வாழ்வது. ஆயினும் செம்மறியின் குடலிலும் வெள்ளாட்டின் குடலிலும் அது காணப்படுவதுண்டு. ஆகவே, நாம் சமைப்பது ஆட்டுக்கறிதானே என்று அலட்சியமாக இருப்பதற்கில்லை.

இனி, கறி வாங்கும் முறையைக் காண்போம். முன்னமே கொத்திக் குவித்து வைத்ததை வாங்காதீர்கள். துண்டாக இருக்கும் கறியைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்து, நம் முன்னால் கொத்தித் தரச் சொல்வதே முதல் விதி. கறி ஈரப்பசையோடு இருக்கலாம். பிசுபிசுப்பு இருத்தல் கூடாது. விரலால் அழுத்தினால் குழி உடனே மேலெழ வேண்டும். கொழுப்பு வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். புளித்த வாடை சிறிதும் ஆகாது. கால்நடை மருத்துவர் பார்த்து முத்திரையிடும் இறைச்சிக்கூடம் உள்ள ஊர்களில் அந்த முத்திரையைக் கேட்டு வாங்குவது நல்லது. கத்தியும் கட்டையும் கழுவப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதும், இல்லையென்றால் கழுவித் தரும்படி பணிவோடு கேட்பதும் வாங்குவோரின் உரிமையே.

எந்தப் பகுதிக் கறி உகந்தது? தொடைக்கறியை மட்டும் கொத்தினால் பார்வைக்கு அழகாக இருக்கும். வெந்தபின் மரத்தூள்போல் வறண்டுவிடும். வெள்ளாட்டின் கொழுப்பு தசைக்குள் அதிகம் பரவுவதில்லை. சிறுநீரகத்தைச் சுற்றியும் குடலைச் சுற்றியுமே திரள்கிறது. ஆகவே தொடைக்கறியோடு முன்னங்காலின் மேற்பகுதிக் கறியையும் சேர்த்து, அரைக் கிலோவுக்கு 60 கிராம் அளவில் சிறுநீரகக் கொழுப்பையும் போட்டுக் கொத்தச் சொல்லுங்கள். பளபளக்கும் வெள்ளைச் சவ்வை மட்டும் நீக்கிவிட வேண்டும். நெடுநேரம் நீரில் வெந்தால்தான் அது இளகும். எண்ணெயில் சில நிமிஷம் பொரிவதற்குள் இளகாது. பல்லில் ரப்பர்போல் சிக்கும்.

காய்கறி, மளிகை எல்லாவற்றையும் வாங்கிய பிறகு, கறியைக் கடைசியாக வாங்குங்கள். நம் ஊர் வெயிலில் கிருமிகள் விரைந்து பெருகும். வெளியே வைத்திருந்த கொத்துக்கறியை ஒரு மணி நேரத்திற்குள் அடுப்பில் ஏற்ற வேண்டும், அல்லது குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். குளிர்பெட்டியிலும், 4 டிகிரி குளிர்ச்சியில், இரண்டு நாளுக்குமேல் வைத்திருப்பது தகாது.

இப்போது அடுக்களைக்குள் நுழைவோம். அரைக் கிலோ கொத்துக்கறிக்குச் சின்ன வெங்காயம் 100 கிராம், பொட்டுக்கடலை மாவு 50 கிராம், தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடி, பச்சை மிளகாய் நான்கு, சிறிது இஞ்சி, பூண்டு, சோம்பு, கசகசா, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், அளவாக உப்பு ஆகியவை போதும்.

கோலா செய்வதில் இரண்டு முறைகள் உண்டு. பச்சைக் கறியையே மசாலையுடன் அரைத்து உருட்டிப் பொரிப்பது ஒன்று. கொத்துக்கறியை மஞ்சளும் உப்பும் சேர்த்து, தன் நீரிலேயே வெந்து வற்றும்படி முதலில் வேகவைத்து, ஆறியபின் மற்றவற்றோடு அரைத்து உருட்டிப் பொரிப்பது மற்றொன்று. நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இரண்டாவது முறையையே கைக்கொண்டார்கள். கிருமியைப் பற்றிய நூலைப் படித்து அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஆயினும் அம்முறையில் பெரியதோர் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. உருண்டையாகும் முன்பே கறியின் ஒவ்வொரு துகளையும் வெப்பம் தொட்டுவிடுகிறது. அந்தப் பாதுகாப்பைத் தருவது மஞ்சள் என்று சிலர் எண்ணுவார்கள். அது பிழை. அதைத் தருவது நெருப்பே.

முதல் முறையில் சாறு மிகுதி. சுவையும் ஒருபடி உயர்வு என்று சொல்வோர் உண்டு. ஆனால் அதில் பொறுப்பும் மிகுதி. பச்சைக் கறியில் செய்த உருண்டையின் நடுப்பகுதி 71 டிகிரி வெப்பத்தை எட்ட வேண்டும் என்பது இன்றைய உணவு விஞ்ஞானத்தின் விதி. ஊசி போன்ற உணவு வெப்பமானி இருந்தால் அதைக் கொண்டு அறியலாம். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. காற்றுப் பட்டுப் பழகிய கறி, முழுவதும் வேகும் முன்பே பழுப்பாகிவிடும். வெப்பமானி இல்லாத வீட்டில் இரண்டாவது முறையே தக்கது.

ஒவ்வொரு சேர்மானத்திற்கும் ஒரு காரணம் உண்டு. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுபட்டது. அதன் மாவு கறியின் நீரை உறிஞ்சிக்கொண்டு உருண்டையை உடையாமல் காக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் கறி மணம் போய் மாவு மணமே நிற்கும். உப்பு, பச்சைக் கறியின் புரதத்தைக் கரைத்துப் பசையாக்குகிறது. அந்தப் பசையும் உருண்டையைப் பிணைக்கும். ஆனால் நெடுநேரம் பிசைந்தால் கெட்டிப்பட்டுப் பந்துபோல் துள்ளும். ஆகவே ஒன்றுசேரும் அளவுக்கு மட்டும் பிசைய வேண்டும். கையின் சூட்டில் கொழுப்பு உருகாமலிருக்க, கலவையை அரை மணி நேரம் குளிரவைத்தபின் சிறு எலுமிச்சம்பழ அளவில் உருட்டுவது நலம். சில வீடுகளில் உருண்டையைச் சுற்றி வாழைநாரைக் கட்டிப் பொரிப்பார்கள். உருண்டை விரிந்து உடையாமல் இருக்கச் செய்த எளிய உபாயம் அது.

எண்ணெய் மிகவும் காய்ந்தால் மேற்புறம் கருகி உள்ளே வேகாது. காயாவிட்டால் உருண்டை எண்ணெயைக் குடிக்கும். மிதமான நெருப்பில், நான்கைந்து உருண்டைகளாகப் போட்டு எடுக்க வேண்டும். ஒரே சமயத்தில் பலவற்றைப் போட்டால் எண்ணெயின் சூடு சட்டென்று தாழ்ந்துவிடும்.

இதே கறியைத் தட்டித் தோசைக்கல்லில் சுட்டால் அதுவே நம் வீட்டு ஹாம்பர்கர். அதற்குக் கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். கறி சற்றுக் கொரகொரப்பாக இருக்க வேண்டும். உப்பைச் சுடுவதற்குச் சற்று முன் மேலே தூவினால் போதும். சுடும்போது ஓரம் சுருங்கி நடு உப்பும். ஆதலால் தட்டும்போதே நடுவில் ஒரு குழி அமைத்துவிடுங்கள். உளுந்து வடையின் நடுவில் துளையிட்ட நம் பாட்டிமாருக்கு, நடுப்பகுதிக்கும் வெப்பம் போய்ச் சேர வேண்டும் என்ற நுட்பம் புதிதன்று. கரண்டியால் அழுத்தாதீர்கள், சாறெல்லாம் கல்லுக்கே போய்விடும். இங்கு முன்கூட்டி வேகவைப்பது இல்லை; எனவே 71 டிகிரி என்ற விதி முழுமையாகப் பொருந்தும்.

கடைசியாக ஒன்று. வேகவைத்த கறியைப் பச்சைக் கறி கிடந்த பாத்திரத்திலேயே மீண்டும் போட்டு அரைத்தால் பட்ட பாடெல்லாம் வீண். அம்மியானாலும் மின் அரைப்பானின் சாடியானாலும் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவிய பிறகே அடுத்த வேலை. பச்சைக் கறியைத் தொட்ட கத்தியால் பச்சடிக்கு வெங்காயம் நறுக்கக் கூடாது. கையையும் கழுவ வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ஆட்டுக்கொழுப்பு ஆறினால் மேலண்ணத்தில் மெழுகாய் ஒட்டும். ஆகவே கோலாவைச் சூடாகவே பரிமாறுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பையைக் கொடுத்துக் கறி வாங்கிவர வீட்டார் உங்களை அனுப்பக்கூடும். அதைச் சிறுவேலை என்று நினையாதீர்கள். எந்தத் துண்டைத் தேர்ந்தீர்கள், எப்போது கொத்தச் சொன்னீர்கள், எவ்வளவு விரைவில் வீடு சேர்ந்தீர்கள் என்பதிலேதான் அன்றைய உணவின் சுவை பாதி இருக்கிறது. உங்கள் வீட்டுச் சிறு தம்பியும் தங்கையும் முதல் உருண்டைக்காகக் கையை நீட்டும்போது, அதை நடுவே பிட்டுப் பாருங்கள். ஆவி எழ, உள்ளும் புறமும் ஒரே சீராக வெந்திருந்தால் மனநிறைவோடு கொடுங்கள்.