ஒரே பச்சை, இரு வேறு விலை

வெள்ளவத்தை மாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய முற்றங்களிலும் கம்பிக் கூட்டிலே கீச்சிடும் சிறு கிளிகளை நாம் காணலாம். ‘லவ் பேர்ட்ஸ்’ என்று நம்மவர் அழைக்கும் இவற்றுட் பல, அவுஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜரிகர் இனத்தவை. காட்டில் வாழும் பட்ஜரிகர் பச்சை நிறத்தது. நீலமும் வெள்ளையும் வளர்ப்போர் பேணிப் பெருக்கிய நிறங்களாகும்.

இரண்டு பச்சைக் குஞ்சுகள். இறகிலோ அலகிலோ வேற்றுமை சிறிதுமில்லை. ஆயினும் ஒன்றுக்குக் கூடிய விலை கேட்கப்படுவதுண்டு. காரணம் வினவினால், “இது ஸ்பிளிட்” என்பார் விற்பவர். இஃது உண்மையா, ஏமாற்றா?

இதற்கு விடை தருபவர் மென்டல் என்னும் துறவி. பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து 1866 இல் அவர் வெளியிட்ட முடிவுகள், 1900 ஆம் ஆண்டிலேயே உலகின் கவனத்தைப் பெற்றன. ஒவ்வோர் இயல்புக்கும் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரு பரம்பரையலகுகள் வந்து சேர்கின்றன. பட்ஜரிகரில் பச்சை ஆட்சியானது, நீலம் பின்னிடைவானது. தூய பச்சையை நீலத்துடன் சேர்த்தால் குஞ்சுகள் யாவும் பச்சையே. ஆனால் ஒவ்வொன்றின் உள்ளும் நீலம் மறைந்திருக்கும். இதுவே ‘ஸ்பிளிட்’.

இத்தகைய இரண்டைச் சோடி சேர்த்தால், சராசரியாக நான்கு குஞ்சுகளில் ஒன்று நீலம், மூன்று பச்சை. அம்மூன்றில் இரண்டு நீலத்தை மறைத்து வைத்திருக்கும். ஒன்று தூய பச்சை. எது எதுவெனக் கண்ணாற் கண்டறிதல் இயலாது. ஆகவே, ஒரு பெற்றோர் நீலமாயின் பச்சைக் குஞ்சு உறுதியாகவே ‘ஸ்பிளிட்’. அதற்குக் கூடிய விலை நியாயமே. பெற்றோர் இருவரும் ‘ஸ்பிளிட்’ பச்சைகளாயின் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு மட்டுமே உண்டு. விலையும் அதற்கேற்பக் குறைதல் வேண்டும். மேலைநாடுகளில் வண்ண மலைப்பாம்பு வளர்ப்போரும் இக்கணக்கையே கையாளுகின்றனர்.

ஐயமிருப்பின் சோதித்தறியலாம். அப்பச்சையை நீலப் பறவையுடன் சேர்க்க, ஒரு நீலக் குஞ்சு பொரித்தாலும் உண்மை வெளிப்பட்டுவிடும். ஐந்தும் பச்சையாயின் அது தூய பச்சையென்றே பெரிதும் கொள்ளலாம். ‘ஸ்பிளிட்’ பறவையொன்றுக்கு ஐந்து குஞ்சுகளும் பச்சையாக அமையும் வாய்ப்பு 32 இல் ஒன்றேயாம்.

செங்கண் மஞ்சளான ‘லுட்டினோ’ வகையின் விதி வேறு. அதன் அலகு பால் நிறமூர்த்தத்தில் உள்ளது. பறவைகளில் ஆணுக்கே அந்நிறமூர்த்தம் இரண்டு, பேட்டுக்கு ஒன்றே. ஆகையால் பேடு லுட்டினோவாக இருக்கும், அன்றேல் அவ்வியல்பு அதனிடம் அறவே இராது. “லுட்டினோவுக்கு ஸ்பிளிட்டான பச்சைப் பேடு” என்று எவரேனும் கூடிய விலை கேட்பின், அத்தகைய பேடு இவ்வுலகில் இல்லையென்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

பல மாதங்கள் சேர்த்த சில்லறையைக் கொண்டு பறவை வாங்கும் சிறுவனுக்கு விற்பவரின் சொல்லே சான்று. ஆதலால் வளர்ப்போர் ஒவ்வொரு சோடிக்கும் ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். குஞ்சுப் பருவத்தில் மட்டுமே இடத்தக்க மூடிய கால்வளையம் அக்குறிப்புக்குத் துணையாகும். வாங்குவோரும் குஞ்சைப் பார்ப்பதற்கு முன்னர், அதன் தாய் தந்தையரைப் பார்க்கக் கேட்பாராக. குறிப்பும் இன்றிப் பெற்றோரையும் காட்டாவிடின், பச்சைக்குப் பச்சையின் விலையே கொடுத்தல் தகும்.